பத்து மாதக் கேள்விகள்: அடிக்கடி கேட்கப்படுபவையும் என் பதில்களும்

எனக்கு இது முதல் குழந்தை. திருவான்மியூரில் வீடு, தமிழில் அறிவியல் எழுதுவது வேலை. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததிலிருந்து ஒரே கேள்விகள் எல்லாப் பக்கமிருந்தும் வருகின்றன. கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமியார், மந்தைவெளியில் இருக்கும் அம்மா, கீழ்வீட்டு அக்கா, காய்கறி வண்டிக்காரர், என் கட்டுரைகளைப் படிப்பவர்கள் என்று எல்லோரும் அக்கறையில்தான் கேட்கிறார்கள். அதனால் தலையாட்டிவிட்டு நகராமல், படித்துச் சரிபார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

எத்தனை மாசம்மா? டியூ டேட் எப்போ?

இதை எழுதும் 2025 டிசம்பர் முதல் வாரத்தில் 34 வாரம். பொங்கலை ஒட்டித் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணுவார்கள். முதல் இரண்டு வாரத்தில் கரு உருவாகியே இருக்காது, ஆனாலும் கணக்கில் சேரும். 280 நாளை 28 நாள் மாதமாகப் பிரித்தால் சரியாகப் பத்து வரும். பாட்டிகள் சொல்லும் பத்து மாதமும் மருத்துவமனையில் சொல்லும் 40 வாரமும் ஒரே அளவு என்று புரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். அன்று காலையிலேயே போன் செய்து "பொறந்தாச்சா?" என்று கேட்க வேண்டாம், ப்ளீஸ்.

ஆணா, பொண்ணா? ஸ்கேன்ல டாக்டர் ஜாடையாக்கூட சொல்லலையா?

சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. 1994-இல் வந்த சட்டப்படி கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம், ஜாடையாகச் சொன்னாலும் குற்றம்தான். பெண் குழந்தைகளைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டம் ஏன் தேவை என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வயிறு கூம்பாக இருக்கிறதா, உருண்டையாக இருக்கிறதா என்பது குழந்தை படுத்திருக்கும் விதத்தையும் அம்மாவின் வயிற்றுத் தசையையும் பொறுத்தது. அம்மாவின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். அப்பாவின் விந்தணு எக்ஸோ ஒய்யோ கொண்டுவருவதை வைத்துத்தான் பெண்ணா ஆணா என்று முடிவாகிறது. பெண் குழந்தை பெற்றதற்காக மருமகளைக் குறை சொல்லும் வீடு இன்னும் இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பெசன்ட் நகர் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளுக்கு இந்தக் கணக்கே வேறு. அங்கே மணலின் சூடுதான் தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள்.

மசக்கை ரொம்பப் படுத்துச்சா? மாங்காய் சாப்பிட்டியா?

அக்னி நட்சத்திரம் முடியும் சமயத்தில் தொடங்கி ஆடி பிறக்கும்வரை படுத்தியது. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால்கூடக் குமட்டும். மாங்காய் ஆசை வரவே இல்லை, தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும்தான் இறங்கின. 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதைப் பற்றி நல்ல தெளிவு தந்தது. கருவும் நச்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற புரதம் அம்மாவின் ரத்தத்தில் திடீரென்று ஏறுகிறது. கர்ப்பத்துக்கு முன் இந்தப் புரதம் உடம்பில் குறைவாக இருந்தவர்களுக்குக் குமட்டல் அதிகம். ஆகவே "மனசுல தெம்பு இல்ல, அதான் வாந்தி எடுக்கிறா" என்று யாரையும் சொல்லாதீர்கள்.

சாம்பல், செங்கல் பொடி, பச்சரிசி என்று ஆசை வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பலசமயம் அது ரத்தசோகையோடு சேர்ந்து வருவது.

காபியை விட்டுட்டியா?

இல்லை. காலையில் ஒரு டம்ளர் பில்டர் காபி. ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் இருந்தால் போதும் என்பது பல நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. நம்மூர்ப் பொடியில் கலக்கும் சிக்கரியில் காஃபீன் கிடையாது. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்கக் கூடாது. உடம்பில் இரும்பு சேர்வதை அவை தடுக்கும். நான் மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்கிறேன், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும்.

குங்குமப்பூ பால் குடிக்கிறியா? குழந்தை செவப்பா பொறக்குமே.

யாராவது அன்பாகக் கலக்கிக் கொடுத்தால் குடிப்பேன், நல்ல வாசனை. நிறத்துக்காகக் குடிக்க மாட்டேன். தோலின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வரும் பல மரபணுக்களால் அமைவது. கறுப்பான தோலிலும் வெளுத்த தோலிலும் நிறமி செய்யும் செல்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை மெலனின் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பதே மெலனினின் வேலை. சென்னை வெயிலில் வளரப்போகும் குழந்தைக்கு அது நல்ல கவசம்.

இந்தக் கேள்வி மட்டும் என்னைக் காயப்படுத்தும். என் குழந்தை என் நிறத்தில் பிறந்தால் அது குறை என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. குங்குமப்பூவுக்குச் செலவழிக்கும் காசில் வாரம் முழுக்க முருங்கைக்கீரையும் முட்டையும் வாங்கலாம்.

பப்பாளி, அன்னாசி, எள்ளு… எதெல்லாம் தொடக்கூடாது?

பப்பாளியில் இரண்டு நிலை உண்டு. காயில் இருக்கும் பால் எலியின் கருப்பையைச் சுருங்கச் செய்தது என்று 2002-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் நன்றாகப் பழுத்த பப்பாளி எதுவும் செய்யவில்லை. காயும் செங்காயும் எனக்கு வேண்டாம், பழம் இரண்டு துண்டு சாப்பிடுகிறேன். அன்னாசியில் எல்லோரும் பயப்படும் புரோமெலைன் என்ற நொதி பெரும்பாலும் தண்டில்தான், சாப்பாட்டுக்குப் பின் ஒரு கீற்றால் ஒன்றும் ஆகாது. எள்ளுருண்டையும் அப்படித்தான்.

எனக்கு உண்மையான பயம் தண்ணீர். அசுத்தமான தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் இ, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் மஞ்சள் காமாலை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் கல்லீரலையே முடக்கி உயிருக்கு ஆபத்தாகலாம். சென்னையில் மழைக்காலத்தில் சாக்கடையும் குடிநீரும் கலந்துவிட்ட தெருக்களை நாம் பார்த்திருக்கிறோம். என் கையிலிருந்து பப்பாளியைப் பிடுங்கிய அதே உறவினர், கடையில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு வாங்கி நீட்டினார். பானிபூரித் தண்ணீர், கடை ஐஸ், காய்ச்சாத பால், பச்சை முட்டை இவற்றைத்தான் நான் தள்ளி வைத்திருக்கிறேன். பயப்படுவதென்றால் இங்கே பயப்படுவோம்.

அப்போ மீன்?

நிச்சயம் உண்டு. அம்மா நொச்சிக்குப்பம் மீன் அங்காடியில் வாங்கி அனுப்புகிறார். நெத்திலி, மத்தி, காரப்பொடி போன்ற சின்ன மீன்கள்தான் எங்கள் வீட்டில் இப்போது அதிகம். கடலில் பாதரசம் சின்ன உயிரிலிருந்து பெரிய உயிருக்குப் போகப் போகச் சேர்ந்துகொண்டே போகும். நீண்ட நாள் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்னும் மீனில் அது அதிகம், கருவின் மூளைக்கு அது கெடுதல். சுறாவை முழுக்க நிறுத்திவிட்டேன். வஞ்சிரமும் பெரிய வேட்டை மீன் என்பதால் எப்போதாவது ஒரு துண்டு.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறாப் புட்டு கொடுப்பார்களே என்று அம்மா கேட்டார். பால் ஊறுவதற்கு முக்கியக் காரணம் குழந்தை அடிக்கடி சப்புவது. புட்டை மத்தியில் செய்து தருவதாக அம்மா ஒத்துக்கொண்டார், பூண்டு இரண்டு பங்கு.

சுகர் டெஸ்டுக்கு வெறும் வயித்துல போகணுமா?

எனக்குச் செய்த முறையில் தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பது பொருட்டில்லை. கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு காக்க வைக்கவோ இன்னொரு நாள் வரச் சொல்லவோ கூடாது என்பதால் இந்த எளிய முறை. இதற்காகப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10-ஐ இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். அந்த இனிப்புத் தண்ணீரைக் குடிக்கும்போது அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

இத்தனை ஸ்கேன் எடுத்தா கதிர்வீச்சு படாதா?

எக்ஸ்ரேயில் இருப்பது கதிர்வீச்சு. கர்ப்ப ஸ்கேனில் இருப்பது ஒலி, நம் காதுக்குக் கேட்காத அளவுக்கு உயர்ந்த ஒலி. அது உள்ளே பட்டுத் திரும்பும் எதிரொலிதான் திரையில் படமாகிறது. உலோகத்தில் விரிசல் தேடும் கருவியின் யோசனையை எடுத்து இயான் டொனால்ட் என்ற கிளாஸ்கோ மருத்துவர் வயிற்றுக்குள் பார்த்தார். 1958-இல் அதை வெளியிட்டார். டாக்டர் சொல்லும்போது எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுல பூனை வச்சிருக்கியே, ஆகாதே?

எங்கள் பூனை மிளகு. மூன்று வருடம் முன்பு மழையில் நனைந்து படிக்கட்டில் வந்து உட்கார்ந்தவள். அவளை எங்கேயும் அனுப்பப் போவதில்லை.

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம், கருவைப் பாதிக்கலாம். இது உண்மை. ஆனால் வெளியே வந்த முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். அதனால் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் போதும், அதை என் கணவர் செய்கிறார். பூனையைத் தடவுவதால் பெரும்பாலும் வராது. சரியாக வேகாத கறியிலும், கழுவாத கீரையிலும், மண் பட்ட கையிலும்தான் ஆபத்து அதிகம். ஆகவே மாடித்தோட்டத்தில் கையுறை இல்லாமல் மண்ணைத் தொடுவதில்லை. மிளகு என் மடியில் படுப்பதை நிறுத்தவில்லை. இப்போது மடி குறைந்துவிட்டதால் வயிற்றின் மேலேயே தலை வைத்துக்கொள்கிறாள்.

ஏங்க, கொசு உங்களை மட்டும் ஏன் இப்படி மொய்க்குது?

கீழ்வீட்டு அக்கா மாடியில் துணி காயப்போடும்போது கேட்டது. காரணம் இருக்கிறது. 2000-இல் லான்செட் இதழில் வந்த காம்பியா நாட்டு ஆய்வில், கர்ப்பிணிகளை நோக்கி மலேரியா கொசுக்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தன. கர்ப்பிணி 21 சதவீதம் அதிகமாக மூச்சு விடுகிறாள், வயிற்றின் சூடும் 0.7 டிகிரி கூடுதல். மூச்சையும் சூட்டையும் பிடித்துத்தான் கொசு வரும்.

சென்னையில் வடகிழக்குப் பருவமழை வந்தால் டெங்குவும் வரும். அந்தக் கொசு பகலில் கடிப்பது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் ஞாயிறுதோறும் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்தட்டு, மாடியில் கிடக்கும் டப்பா எல்லாவற்றையும் கவிழ்க்கிறோம். பகல் தூக்கத்துக்கும் கொசுவலை.

கிரகணத்தன்னிக்கு மொட்டை மாடிக்குப் போனியாமே? எப்படி விட்டாங்க?

2025 செப்டம்பர் 7, முழுச் சந்திர கிரகணம். இரவு 11 மணியிலிருந்து 82 நிமிடம் நிலா முழுசாகப் பூமியின் நிழலுக்குள். இப்படி ஒன்று வரும் என்று ஒரு வருடமாகக் காத்திருந்தேன். மாமியாருக்கோ இரண்டு நாளாகத் தூக்கமில்லை. "உதடு பிளந்து பொறக்கும்னு சொல்வாங்கம்மா" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது, அவருடைய ஊரில் அப்படி ஒரு குழந்தை பிறந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

உட்கார்ந்து சொன்னேன். "அத்தை, குழந்தையோட மேலுதடு நாலாவது வாரத்திலேருந்து ஏழாவது வாரத்துக்குள்ளயே கூடிடும். எனக்கு இப்போ 21 வாரம். அது எப்பவோ முடிஞ்ச வேலை." பிளவு வர மரபணு, புகைப்பழக்கம், சில மருந்துகள், அம்மாவுக்கு முன்பே இருக்கும் நீரிழிவு என்று காரணங்கள் உண்டு. அதில் நிழல் கிடையாது. சூரிய கிரகணமாக இருந்தால் அதற்கான கிரகணக் கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது, அது எல்லோர் கண்ணுக்கும் பொருந்தும். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம்.

ராத்திரி சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்துவிடு என்றார். முடித்தேன், அதில் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. விளக்கேற்றி உட்கார்ந்துகொண்டார். நான் மாடிக்குப் போனேன். மேகம் வந்து வந்து போனது. நடுவே விலகியபோது நிலா செம்பு நிறத்தில் தொங்கியது. பூமியின் காற்று வளைத்து அனுப்பும் சிவப்பு வெளிச்சம் அது, உலகத்தின் எல்லா விடியலும் அந்தியும் ஒரே நேரத்தில் நிலாவில் படுவதுபோல. இறங்கி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டார். விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம்.

வளைகாப்பு வளையல் சத்தம் உள்ள கேட்குமா?

ஐப்பசியில் 28-ஆவது வாரம் செய்தார்கள். அதற்குள் குழந்தைக்குக் காது கேட்க ஆரம்பித்திருக்கும். ஆனால் கண்ணாடி வளையலின் கீச்சென்ற உயர்ந்த ஒலியை வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் நன்றாக மழுக்கிவிடும். கீழ்ஸ்தாயி ஒலிதான் தெளிவாகப் போகும். எல்லாவற்றையும்விட நன்றாகக் கேட்பது அம்மாவின் குரல், அது உடம்பு வழியாகவே போகிறது. 1980-இல் டீகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் தங்கள் அம்மா குரலைக் கேட்பதற்காகச் சப்பும் விதத்தையே மாற்றிக்கொள்வதைக் காட்டினார்கள்.

வளையலை நான் ரசித்துத்தான் போட்டுக்கொண்டேன். ஐந்து வகை சாதம், இரண்டு கை நிறையக் கண்ணாடி, என்னைச் சுற்றி முப்பது பெண்கள்.

மார்கழில கச்சேரிக்குப் போனா குழந்தை புத்திசாலியா பொறக்குமா?

அப்படி எதுவும் காட்டப்படவில்லை. 1993-இல் மொசார்ட் இசை கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒரு வகைப் புதிரில் சில நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். அதிலிருந்து கிளம்பிய பேச்சு இது, அந்த ஆய்வில் கர்ப்பிணிகளே இல்லை. எனக்குச் சங்கீதம் பிடிக்கும், ஸ்பீக்கர் பக்கம் உட்காராமல் போய்வருவேன். வீட்டில் பருப்பு கிளறிக்கொண்டே பாடுவது, முன் பதிலில் சொன்னபடி, குழந்தைக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

டெலஸ்கோப், ஆமை நடை எல்லாம் இனிமே மூட்டை கட்டணும்ல?

கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். ஜனவரியிலிருந்து ஆமைப் பருவம். 1988-லிருந்து இயங்கும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினரோடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ராத்திரி மணலில் நடப்பது எனக்கு உயிர். இந்த வருடம் முடியாது, அது மனசை வலிக்கத்தான் செய்கிறது. டெலஸ்கோப்பைக் கணவர் தூக்கி வைக்கிறார், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். நவம்பர் கடைசியில் சனியின் வளையம் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. ஜனவரி 10-இல் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்து ராத்திரி முழுக்கப் பளிச்சென்று இருக்கும். அன்று நான் எங்கே இருப்பேனோ, ஜன்னல் கிழக்கே பார்த்தால் போதும்.

பேர் முடிவாச்சா? ஏதாவது பேப்பர் வேலை இருக்கா?

பெயர் இன்னும் இல்லை, அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கி வைப்பது முக்கியம், பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களும் வாங்க வேண்டும்.

நல்ல நட்சத்திரமா பார்த்து ஆபரேஷன் பண்ணிடலாமே?

ஒரு பெரியவர் மார்கழி நடுவில் தேதியே குறித்துக் கொடுத்தார். அன்போடுதான் கொடுத்தார், ஆனால் மறுத்துவிட்டேன். காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் அறுவை செய்து எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் அதிகம் வருகிறது. நுரையீரலிலிருந்து நீர் வடிவதற்குப் பிரசவ வலியே உதவுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். குழந்தைக்கோ எனக்கோ தேவைப்பட்டால் அந்த நிமிடமே சம்மதிப்பேன், சிசேரியன் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. நாள் பார்ப்பதற்காக மட்டும் வேண்டாம்.

சேனை யார் வைக்கப் போறாங்க?

இதுதான் வீட்டில் மிகவும் கஷ்டமான கேள்வி. பிறந்ததும் பெரியவர் ஒருவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைத்தால் அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது வழக்கம். என் பெரியப்பா ஆசையாகக் காத்திருந்தார். ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் போக வேண்டும், அதில் நோயை எதிர்க்கும் சத்து அடர்த்தியாக இருக்கிறது. தேனில் போட்யூலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம் என்பதால் ஒரு வயதுவரை தேனே கூடாது.

பெரியப்பாவிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். முகம் வாடியது. "எங்களுக்கு அடுத்தபடியா நீங்கதான் தூக்கணும், பேரை நீங்கதான் காதுல சொல்லணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்போ பேரை எனக்கு முதல்ல சொல்லிடு" என்றார்.

அறிவியல் எழுதுற நீங்க திருஷ்டி சுத்த விடுறீங்களே, முரணா இல்லையா?

ஒரு வாசகர் நேர்மையாகக் கேட்டார். சாப்பாட்டைக் குறைக்கும், மருந்தைத் தடுக்கும், யாரையாவது பயமுறுத்தும் அல்லது சிறுமைப்படுத்தும் வழக்கத்தை ஆதாரம் கேட்காமல் ஏற்க மாட்டேன். குங்குமப்பூவிலும் சேனையிலும் நான் நின்றது அதனால்தான். மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றும்போது அவர் கை நடுங்குகிறது. அந்த நேரத்தில் வாதம் செய்ய எனக்குத் தோன்றவில்லை. புகை வராத தூரத்தில் போடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அத்தை, பாப்பா வெளிய வந்துட்டா உன்கிட்ட ஒண்ணுமே மிச்சம் இருக்காதா?

கேட்டது அண்ணன் மகள், வயது எட்டு. இருக்கும் கண்ணு. அம்மா ரத்தமும் பாப்பா ரத்தமும் ஒன்றாகக் கலப்பதில்லை, நச்சுக்கொடி நடுவில் நின்று சத்தை மட்டும் கைமாற்றும். ஆனால் பாப்பாவின் சில செல்கள் நழுவி அம்மா உடம்புக்குள் வந்து தங்கிவிடும். மகனைப் பெற்று 27 வருடம் கழித்தும் ஓர் அம்மாவின் ரத்தத்தில் அப்படிப்பட்ட செல்கள் இருந்ததை 1996-இல் கண்டுபிடித்தார்கள்.

"அப்போ நான் எங்கம்மாகிட்ட இருக்கேனா?" என்றாள். இருக்கலாம் என்றேன். சமையலறைக்கு ஓடிப்போய், மாவு பிசைந்துகொண்டிருந்த அண்ணியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.